ஆறில்லாத பிராக்

அன்புள்ள ஐயா,

நான் தூத்துக்குடிக்காரன். இப்போது ஜெர்மனியில் வேலை. போன மாதம் மனைவியுடன் பிராக் போய் மூன்று நாள் தங்கினோம். சார்லஸ் பாலம், கோட்டை, வானியல் கடிகாரம், யூதர் கல்லறை எதையும் விடவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து போனில் படங்களைப் பார்த்தால், எல்லாம் இணையத்தில் ஏற்கெனவே பார்த்தவை போலவே இருக்கின்றன. பாலத்தில் எந்நேரமும் கூட்டம், ஆளில்லாத படம் ஒன்றுகூட அமையவில்லை. ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கலாமா, போனே போதுமா? கூட்டம் இல்லாமல் எடுக்க வழி உண்டா? என் மனைவிக்கு இதிலெல்லாம் ஆர்வம் குறைவு. இரண்டாம் நாள் கோட்டைக்கே வராமல் காம்பாவில் ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிட்டாள், இரண்டு மணி நேரம் வீண். பேசாமல் பாரிஸ் போயிருக்கலாமோ என்று தோன்றுகிறது. சில படங்களை இணைத்திருக்கிறேன்.

எஸ்.வி.

*

அன்புள்ள எஸ்.வி.,

சில வாரங்களாக இரவில் யோசெஃப் சுதெக் என்ற செக் புகைப்படக்காரர் எடுத்த பிராக் படங்களைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் எந்த கேமரா வாங்கலாம் என்ற கேள்விக்கு நான் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

பாரிஸ் பற்றிய வரியை விட்டுவிடுகிறேன். ஆளில்லாத பாலம் வேண்டுமென்றால் விடிவதற்கு முன்னால் போய் நில்லுங்கள், வேறு வழி கிடையாது. ஆனால் ஆளில்லாத பாலம் எதற்கு? 1841 வரை பிராகில் ஆற்றைக் கடக்க இருந்த ஒரே பாலம் அதுதான். வண்டியும் மந்தையும் படையும் சந்தைக்காரர்களும் அதன்மேல்தான் போனார்கள். பிற்பாடு டிராம்கூட ஓடியது. கூட்டம்தான் அந்தப் பாலத்தின் இயல்பு.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. பாலத்தின் பெயர் இருக்கிறது. கோட்டை, கடிகாரம், கல்லறை எல்லாம் இருக்கிறது. அந்த ஊர் ஆற்றின் பெயர், வல்தவா, எங்கும் இல்லை. ஆறு என்று ஒரே ஓர் இடத்தில் வருகிறது, அதுவும் உங்கள் மனைவியைக் குறை சொல்வதற்காக. படங்களைத் திறந்தால் அங்கும் இதே கதைதான். எல்லாமே போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தவை. மேலே ஒரு கோபுரம், நடுவில் நீங்கள், கீழே கல் தளம். ஆறு ஒரு ஓரத்தில் சாம்பல் கீற்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாதிப் படங்களில் அதுவும் இல்லை.

தம்பி, அந்த ஊரை ஆறுதான் உட்கார்த்தி வைத்திருக்கிறது. தெற்கிலிருந்து வரும் வல்தவா நகரத்தின் நடுவே வடக்கு நோக்கிப் போய், லெத்னா மேட்டின் அடிவாரத்தில் கிழக்கே திரும்புகிறது. இடது கரையில் குன்றும் கோட்டையும், வலது கரையில் சமதளமும் பழைய நகரமும். அங்கே பார்க்க வேண்டிய எல்லாமே பக்கவாட்டில் விரிந்து கிடக்கிறது. பாலம் மட்டுமே 516 மீட்டர் நீளம், 16 வளைவுகள். நிமிர்த்திப் பிடித்த போனில் அதில் இரண்டு வளைவு விழுந்தால் அதிகம். போன் நிமிர்ந்துதான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஸ்டேட்டஸ் சொன்னது, ரீல்ஸ் சொன்னது. கையில் பிடிக்க வசதியாக இருக்கிறது என்பதற்காக ஒரு நகரத்தின் இரண்டு கரைகளையும் வெட்டி எறிந்துவிட்டு, படம் எல்லாருடையதைப் போல இருக்கிறது என்று வருத்தப்படுகிறீர்கள். எல்லாரும் அதே இடத்தில் வெட்டினால் ஒரே மாதிரிதான் இருக்கும்.

சுதெக்கைப் பற்றிச் சொல்கிறேன். 1896இல் பிறந்தவர். முதல் உலகப்போரில் இத்தாலியப் போர்முனையில் அடிபட்டு வலது கையை இழந்தார். எஞ்சிய ஒரு கையோடு, முக்காலியும் கனமான பெட்டி கேமராவுமாக, 1976இல் சாகும்வரை பிராகிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். தேவைப்பட்ட இடத்தில் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வார். ஐம்பதுகளில் ஒரு பழைய பனோரமா கேமராவோடு நகரம் முழுக்க அலைந்தார். அதில் லென்ஸ் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திரும்பும், உள்ளே ஃபிலிம் வளைந்து நிற்கும். 30 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் கொண்ட நெகட்டிவ். உயரத்தைப்போல் மூன்று மடங்கு அகலம்! 1959இல் அந்தப் படங்கள் நூலாக வந்தபோது அதில் 284 படங்கள் இருந்தன. பாலமும் கோட்டையும் அதில் உண்டு. அவற்றோடு படித்துறை, கரையோர மரங்கள், புகைபோக்கிகள், நகரத்துக்கு வெளியே சேறும் புல்லுமான வெற்றிடங்களும் உண்டு. தண்ணீர் வரும் படங்களைப் பாருங்கள். ஆறு ஒரு விளிம்பில் நுழைந்து மறு விளிம்பில் வெளியேறும். நடுவில் நகரம் அதற்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கும். அந்தக் கேமராவில் நேரான கோடுகள் வளையும் என்று அவருக்குத் தெரியும். வளைந்தால் வளையட்டும் என்று விட்டார், ஆறும் அங்கே வளைந்துதான் போகிறது. இதற்கு நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் மணிக்கட்டைத் திருப்பிப் போனைக் குறுக்கே பிடிப்பதுதான். சுதெக்குக்கு ஒரு கைதான், உங்களுக்கு இரண்டும் இருக்கிறது.

எங்கே நிற்பது? பாலத்தின்மேல் நின்றால் பாலம் தெரியாது. லெத்னா மேட்டிலிருந்து பார்த்தால் பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நிற்கும், அதைக் கட்டாயம் பாருங்கள். நான் போய் நிற்கும் இடம் வேறு. லெகியி பாலத்தின் நடுவிலிருந்து படி இறங்கினால் ஸ்த்ரெலெட்ஸ்கி தீவு. அதன் வடக்கு முனைவரை நடந்து போய்விடுங்கள். முன்னால் பழைய நகரத்துத் தடுப்பணை ஆற்றின் குறுக்கே சாய்வாக வெள்ளைக் கோடு போட்டிருக்கும். மாவு ஆலைகளுக்குத் தண்ணீர் திருப்பக் கட்டிய அணை அது. அதன் இரைச்சலில் டிராம் சத்தம்கூட அடங்கிவிடும். அதற்கப்பால் சார்லஸ் பாலம் முழுதாகக் கிடக்கும். தூண்களின் முன்னால் தண்ணீரில் கூரைச்சரிவு போல மரச்சட்டங்கள் நிற்பது தெரியும். மிதந்து வரும் பனிக்கட்டி தூணில் மோதாமல் உடைப்பதற்கானவை. நான் அவற்றைப் பற்றி முதலில் எதுவும் அறியாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அறை வாடகைக்குக் கொடுத்த பாட்டிதான் சொன்னார். அவருக்கு அப்போது எண்பது வயதுக்கு மேல். அலமாரியிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். சதுரப் பார்டர் வைத்த, ஓரம் மடிந்த படம். உறைந்த ஆற்றின்மேல் இருபது முப்பது பேர், காலில் சறுக்குக் கட்டைகள், பின்னால் தேசிய நாடக அரங்கின் கூரை. அதில் கம்பளித் தொப்பி போட்டு யாருடைய கையையோ பிடித்திருக்கும் சிறுமியின்மேல் அவர் விரல் வைத்தார். "இது நான், இது அப்பா." தாத்தா காலத்தில் பனியை அறுத்து வண்டியில் ஏற்றிப் பனிக்கட்டிக் கிடங்குகளுக்குக் கொண்டு போவார்களாம்.

இப்போது ஆறு அப்படி உறைவதில்லை. ஐம்பதுகளில் நகரத்துக்குத் தெற்கே ஸ்லாபி அணையைக் கட்டினார்கள், அறுபதுகளின் தொடக்கத்தில் ஒர்லிக். அணையின் அடியாழத்திலிருந்து திறந்துவிடும் தண்ணீர் குளிர்காலத்தில் அவ்வளவு குளிராக இருக்காது, கோடையில் அவ்வளவு சூடாகவும் இருக்காது. எனவே பிராகில் சறுக்கு நின்றுபோயிற்று, கோடைக் குளியலும் குறைந்தது. அந்த மரச்சட்டங்களை மட்டும் இன்றும் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு நதியின் வாழ்க்கையே மாறிப்போனதற்கு அத்தனை பெரிய சாட்சி பாலத்தடியில் நிற்கிறது. உங்கள் படம் ஒன்றிலும் அது இல்லை.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் என்னால் தூங்க முடியாது. பாலத்தில் நீங்கள் கையை விரித்து நிற்கும் படத்தில் உங்கள் தோளுக்குப் பின்னால் ஒரு சிலையின் பீடம் பாதி தெரிகிறது. குனிந்து தோள் கொடுத்துத் தாங்கும் மனிதர்கள் தெரிகிறார்கள். தலை மேலே வெட்டுப்பட்டிருக்கிறது. அது யார் தெரியுமா? சவேரியார்! 1542இல் கோவாவில் இறங்கி, அந்த ஆண்டே உங்கள் முத்துக்குளித்துறைக்கு வந்து, பரதவர்களிடையே நடந்து திரிந்த அதே பிரான்சிஸ் சவேரியார். ஃபெர்டினாண்ட் மாக்சிமிலியன் ப்ரோகோஃப் 1711இல் செதுக்கியது. மேலே சிலுவையை உயர்த்திப் பிடித்து அவர் நிற்கிறார், கீழ்த்திசை மனிதர்கள் பீடத்தைச் சுமக்கிறார்கள், ஓர் இந்திய இளவரசன் ஞானஸ்நானத்துக்காக மண்டியிட்டிருக்கிறான். நம்மைச் சுமப்பவர்களாகவும் மண்டியிடுபவர்களாகவும் மட்டுமே காட்டும் அந்தப் பார்வை எனக்கு ஒப்புதலில்லை. ஆனாலும் தூத்துக்குடியில் பிறந்தவர் அதன் கீழே நின்று, அண்ணாந்து பார்க்காமல் வந்திருக்கிறார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

நீங்கள் பார்த்தது நகல். 1890 செப்டம்பரில் வல்தவா பெருகியபோது மேலிருந்து அடித்துவந்த மரக்கட்டைகள் வளைவுகளை அடைத்துக்கொண்டன. தண்ணீர் போக வழியில்லாமல் பின்னால் ஏறியது, தூண்களின் அடியை அரித்தது. மூன்று வளைவுகள் உடைந்து விழுந்தன. சவேரியாரும் அவருடைய தோழர் இக்னேஷியஸ் லொயோலாவும் ஆற்றுக்குள் போனார்கள். ஆற்றிலிருந்து மீட்ட மூலச் சிலை தேசிய அருங்காட்சியகத்தின் கற்சிற்பக் காப்பகத்தில் இருக்கிறது, பாலத்தில் நிற்பது 1913இல் வைத்தது. இக்னேஷியஸ் பாலத்துக்குத் திரும்ப வரவே இல்லை. பாலத்தில் சிலைகள் முப்பது என்று வழிகாட்டி சொல்லியிருப்பார். அவற்றில் எவை நிற்கின்றன, எவை நகல், எவை காணாமல் போயின என்பதில் ஆற்றுக்கும் பங்கு உண்டு என்று சொல்லியிருக்க மாட்டார்.

2002 ஆகஸ்டில் மறுபடி வெள்ளம் வந்தது. சாதாரண நாளில் நொடிக்கு ஏறத்தாழ 150 கன மீட்டர் ஓடும் ஆற்றில் அன்று 5,000க்கு மேல் ஓடியது. மெட்ரோ சுரங்கங்கள் நிரம்பின, கார்லின் பகுதியும் காம்பாவும் மூழ்கின. பிங்காஸ் யூதக் கோயிலின் சுவர்களில் கையால் எழுதியிருக்கும், நாஜிகள் கொன்றவர்களின் பெயர்களில் கீழ் வரிசைகளை ஈரம் தின்றது. திரும்ப எழுத வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அந்த ஊர்க்காரர்களிடம் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. பாலத்தின் பழைய நகர முனைக்குப் பக்கத்தில் கரைச்சுவரில் ஒரு தாடிக்காரனின் கல் தலை பதித்திருக்கிறது, பிரதாச் என்பார்கள். இப்போதைய பாலத்துக்கு முன்பிருந்த யூதித் பாலத்தைச் சேர்ந்தது அது. அந்தப் பாலத்தை 1342 வெள்ளம் கொண்டுபோயிற்று. தாடியைத் தண்ணீர் தொட்டால் கரையில் இருப்பவர்கள் கிளம்ப வேண்டும், வழுக்கையும் முழுகினால் பழைய நகரச் சதுக்கத்தில் படகு விடலாம் என்று வழிவழியாகச் சொல்லிவந்தார்கள். எட்டிப் பார்த்தால்தான் தெரியும். மூக்கு தேய்ந்து, கன்னத்தில் பாசி கறுத்து, ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறான்.

உங்கள் மனைவியிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். காம்பாவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவர் என்ன பார்த்தார் என்று நீங்கள் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. கேளுங்கள். எனக்கும் எழுதச் சொல்லுங்கள், உங்கள் படங்களைவிட அதைப் படிக்கத்தான் எனக்கு ஆவல். வீண் என்ற சொல்லை அவரிடம் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேமரா வேண்டாம். ஜெர்மனியில்தானே இருக்கிறீர்கள், டிரெஸ்டனிலிருந்து ரயிலேறினால் இரண்டரை மணி நேரத்தில் பிராக். அந்த ரயிலும் பெரும்பகுதி எல்பே கரையோரம், பிறகு வல்தவா கரையோரம்தான் வரும். போகும்போது ஆறு இடது பக்கம் தெரியும், அந்தப் பக்கத்து ஜன்னலோரத்தை உங்கள் மனைவிக்குக் கொடுங்கள். ஜனவரியில் போங்கள், அறை வாடகை குறைவாக இருக்கும். சவேரியாரை இந்த முறை தலையோடு எடுத்து அனுப்புங்கள். அந்த ஒரு படத்துக்கு மட்டும் போனை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளலாம்.