புரட்சிப் போர் முன்னோரைத் தேடுவது எப்படி? வாசகர் கேள்வி பதில்

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்திற்கு 2026 ஜூலை 4 அன்று 250 ஆண்டுகள் நிறைவு என்பதால், அமெரிக்கக் குடும்பங்களோடு மண உறவு கொண்ட வாசகர்கள் சிலர், பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற நடந்த புரட்சிப் போரில் பங்கேற்ற அக்குடும்ப முன்னோரைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அவற்றோடு தொடர்புள்ள வேறு சில கடிதங்களையும் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மருமகன் அமெரிக்கர். அவருடைய முன்னோர் ஒருவர் ஜார்ஜ் வாஷிங்டனின் படையில் அதிகாரியாக இருந்தவர் என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. என் பேத்திக்காக இதை உறுதிப்படுத்த விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: முதலில் அந்த அதிகாரிப் பதவியைச் சற்று ஒதுக்கி வையுங்கள். வீட்டுக் கதைகளில் தலைமுறைக்கு ஒரு பதவி உயர்வு கிடைத்துவிடும். சிப்பாயாகச் சேர்ந்தவர் பேரன் காலத்தில் சார்ஜெண்டாகி, கொள்ளுப்பேரன் காலத்தில் கேப்டனாகியிருப்பார். கதை பொய் என்று சொல்லவில்லை. அதில் வரும் ஊர்ப்பெயரும் உறவுமுறையும் பெரும்பாலும் பயன்படும். பதவியை மட்டும் நம்ப வேண்டாம்.

தேடலைப் போர் தொடங்கிய 1775இலிருந்து தொடங்காமல், பேத்தியிலிருந்து தொடங்கித் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் இன்னாருடைய பிள்ளை இவர் என்று காட்டும் ஒரு தாளாவது கையில் இருந்தால்தான் அடுத்த படிக்குப் போகலாம். 1850ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை இது ஓரளவு எளிது; அடிமையாக இல்லாத ஒவ்வொருவரின் பெயரையும் பதிந்த முதல் கணக்கெடுப்பு அதுதான். அதற்கு முந்தையவற்றில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கையாக நிற்பார்கள். அந்த இருட்டைக் கடக்க உயில்கள், நிலப் பத்திரங்கள், தேவாலயப் பதிவேடுகள் ஆகியவற்றை அந்தந்தக் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) தேட வேண்டும். 1840ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இதில் ஒரு விதிவிலக்கு. அப்போது உயிரோடு இருந்த போர் ஓய்வூதியர்களின் பெயரையும் வயதையும், அவர்கள் யார் வீட்டில் வசித்தார்கள் என்பதையும் தனியே குறித்திருக்கிறார்கள். எண்பது வயதுக் கிழவர் ஒருவர் வேறு குடும்பப் பெயர் கொண்ட வீட்டில் இருந்தால், அது மகள் வீடாக இருக்கலாம் என்ற துப்பு அங்கே கிடைக்கும்.

போர்ப் பணிக்கான சான்றுக்கு வருவோம். 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் தீப்பிடித்து, அங்கிருந்த படை ஆவணங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. பிற துறைகளிலும் தனியாரிடமும் எஞ்சிய சம்பளப் பட்டியல்களையும் ஆள்கணக்கு ஏடுகளையும் பிற்காலத்தில் திரட்டி, வீரர்வாரியாகச் சிறு அட்டைகளில் பெயர்த்தெழுதினார்கள். ஒருவர் எந்தப் படைப்பிரிவில் எந்த மாதம் இருந்தார் என்பதை அவை சொல்லும்; அவருடைய தந்தை யார், மனைவி யார் என்பதைச் சொல்லா.

அதைச் சொல்பவை ஓய்வூதியக் கோப்புகள். வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏறத்தாழ 80,000 கோப்புகள் இருக்கின்றன. நுண்படச்சுருளில் 2,670 சுருள்களாக எடுக்கப்பட்ட இவற்றை இன்று இணையத்தில் படமாகவே பார்க்கலாம். பழைய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்யும் பணியில் தன்னார்வலர்கள் ஈடுபட்டிருக்கிறார்கள். உங்கள் பேத்தி வளர்ந்த பிறகு அவளும் சேர்ந்துகொள்ளலாம்.

இக்கோப்புகள் இவ்வளவு செழிப்பாக இருப்பதற்குக் காரணம் அந்த வீரர்களின் வறுமையும், அவர்களிடம் சான்றுத்தாள் இல்லாததும்தான். 1818ஆம் ஆண்டுச் சட்டம், கான்டினென்டல் படை எனப்பட்ட நாட்டுப் பொதுப் படையில் ஒன்பது மாதங்களோ போர் முடியும் வரையிலோ பணியாற்றி, இப்போது வறுமையில் வாடுபவருக்கு மட்டும் உதவி அளித்தது. சிப்பாய்க்கு மாதம் 8 டாலர், அதிகாரிக்கு 20 டாலர். வறுமை இல்லாதவர்களும் விண்ணப்பிக்கிறார்கள் என்ற புகார் எழவே, 1820இல் ஒவ்வொருவரும் தம் சொத்துப் பட்டியலை நீதிமன்றத்தில் சத்தியம் செய்து தர வேண்டும் என்று விதித்தார்கள். பசு, கலப்பை, பழைய நாற்காலி, அண்டை வீட்டாருக்குத் தர வேண்டிய கடன், உடன் வாழும் நோயாளி மகள் என்று எல்லாம் அதில் இடம்பெற்றன. 1832ஆம் ஆண்டுச் சட்டம் வறுமை நிபந்தனையை நீக்கி, மிலிஷியா எனப்பட்ட உள்ளூர்ப் படையினரையும் சேர்த்துக்கொண்டு, மொத்தம் ஆறு மாதங்களாவது பணியாற்றியிருந்தால் போதும் என்றது. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய விடுவிப்புத் தாள் யாரிடம் இருக்கும்? ஆகவே முதியவர்கள் கவுண்டி நீதிமன்றத்தில் நின்று எங்கே பிறந்தோம், யார் தலைமையில் போரிட்டோம், எந்தச் சண்டையில் இருந்தோம், போருக்குப் பின் எங்கெல்லாம் குடியேறினோம் என்று வாக்குமூலம் அளித்தார்கள், எழுத்தர் எழுதிக்கொண்டார். 1836 முதல் விதவைகளுக்கும் உரிமை கிடைத்தபோது திருமணத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. பல பெண்கள் பிள்ளைகளின் பிறந்த நாள்கள் எழுதிய வேதாகமப் பக்கத்தையே கிழித்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கங்கள் இன்னும் கோப்புகளில் இருக்கின்றன.

ஆகவே உங்கள் சம்பந்தியின் முன்னோர் உண்மையிலேயே வசதியான அதிகாரியாக இருந்து 1818க்கு முன்பே இறந்திருந்தால், அவரைப் பற்றிக் கிடைப்பது குறைவாகவே இருக்கக்கூடும். ஏழைச் சிப்பாயாக நெடுநாள் வாழ்ந்திருந்தால் உங்களுக்கு நல்ல யோகம்.

கோப்பு எண்ணின் முன்னெழுத்தையும் கவனியுங்கள். ‘எஸ்’ என்றால் வீரருக்கே கிடைத்தது. ‘டபிள்யூ’ என்றால் விதவைக்குக் கிடைத்தது. ‘ஆர்’ என்றால் நிராகரிக்கப்பட்டது. நிராகரிக்கப்பட்டவற்றை விட்டுவிடாதீர்கள், ஆறு மாதங்களுக்குச் சில வாரங்கள் குறைந்ததாலோ, மணம் முடித்த நாளை நிரூபிக்க முடியாததாலோ தள்ளப்பட்ட கோப்பிலும் குடும்ப விவரம் முழுமையாக இருக்கலாம்.

கேள்வி: என் கணவரின் முன்னோர் பெயர் பென்சில்வேனியாப் பட்டியல்களில் நான்கு இடங்களில் வருகிறது. எது அவருடையது?
– வாசகி, பிட்ஸ்பர்க்

பதில்: நான்கும் அவருடையதாக இருக்கலாம், ஒன்றுகூட அவருடையதாக இல்லாமலும் போகலாம். பெயர் ஒத்துப்போவதைச் சான்றாகக் கொள்வதுதான் இத்துறையில் மிகுதியாக நடக்கும் பிழை. படைக் குழுக்கள் ஒரே வட்டாரத்தில் ஆள் சேர்த்தவை என்பதால், அந்தக் குழுவின் கேப்டன் எந்த ஊர்க்காரர், உடனிருந்தோரில் யார் யார் உங்கள் முன்னோரின் நிலப் பத்திரத்திலோ திருமணப் பதிவிலோ சாட்சியாகக் கையெழுத்திட்டவர்கள் என்று பாருங்கள். அக்காலத்தில் ‘மூத்தவர்’, ‘இளையவர்’ என்று பெயருக்குப் பின் எழுதினால் தந்தையும் மகனும் என்று பொருளில்லை. ஒரே ஊரில் ஒரே பெயருடைய இருவரை வயதால் பிரித்துக்காட்டினார்கள், அவ்வளவே. சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம்.

கேள்வி: என் மருமகள் கறுப்பினத்தவர். ரோட் ஐலண்டைச் சேர்ந்த அவளுடைய தாய்வழியில் ஒருவர் புரட்சிப் போரில் இருந்ததாகச் சொல்கிறாள். அடிமைமுறை இருந்த காலத்தில் இது சாத்தியமா?
– வாசகர், பாஸ்டன்

பதில்: ஐயமே வேண்டாம். அமெரிக்கப் படைகளில் ஏறத்தாழ 5,000 கறுப்பினத்தவர் பணியாற்றியதாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். 1778இல் ரோட் ஐலண்டு மாநிலம், படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்து முதலாம் ரோட் ஐலண்டு படைப்பிரிவில் அவர்களைச் சேர்த்தது. அந்தப் பிரிவின் பட்டியல்களிலிருந்து தேடத் தொடங்கலாம்.

தடை வருவது போர்க்காலத்தில் அல்ல, அதற்குப் பின்தான். தென் மாநிலங்களில் விடுதலை பெற்றவர்கள் பெயரோடு முதன்முதலாகப் பதிவான கணக்கெடுப்பு 1870ஆம் ஆண்டினுடையது. அதற்கு முன் எசமானரின் உயிலிலும் விற்பனைப் பத்திரத்திலும்தான் பெயர்கள் கிடைக்கும். வடக்கில் விடுதலை முன்னதாகவே வந்துவிட்டதால், உங்கள் மருமகளின் தேடல் சற்று எளிதாக இருக்கும்.

ஜெஹு கிராண்ட் என்பவரின் கோப்பை அவளுக்குக் காட்டுங்கள். ரோட் ஐலண்டில் பிரிட்டிஷ் ஆதரவாளர் ஒருவரிடம் அடிமையாக இருந்த அவர், 1777இல் தப்பி ஓடி அமெரிக்கப் படையில் சேர்ந்து சுமார் பத்து மாதங்கள் பணியாற்றினார். பிறகு எசமானர் வந்து அவரைப் பிடித்துச் சென்றுவிட்டார். 1832ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர் விண்ணப்பித்தபோது, எசமானரிடமிருந்து ஓடிவந்த காலத்தில் செய்த பணி கணக்கில் சேராது என்று அரசு நிராகரித்தது. 1836இல் அவர் மீண்டும் எழுதிய முறையீடு கோப்பில் இருக்கிறது. விடுதலைக்காகப் போரிட்ட நாடு அம்மனிதருக்கு அளித்த விடை அதுதான்.

கேள்வி: அமெரிக்கப் புரட்சிப் போரில் ‘ஹைதர் அலி’ என்ற பெயரில் ஒரு போர்க்கப்பல் இருந்ததாமே, உண்மையா? அதில் பணியாற்றியவர்களின் வழித்தோன்றல்களைக் கண்டறிய முடியுமா?
– வாசகர், காஞ்சிபுரம்

பதில்: உண்மைதான். 1780 செப்டம்பரில் உங்கள் ஊரை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலியின் மைசூர்ப் படை ஆங்கிலேயரை முறியடித்தது. ஆங்கிலேயரைத் தோற்கடிப்பவர் எவராயினும் அமெரிக்கர்களுக்கு நண்பரே என்ற மனநிலை அமெரிக்காவில் நிலவியது. பென்சில்வேனியா மாநிலம் டெலவேர் விரிகுடாவைக் காக்கப் படைக்கலம் பூட்டிய அந்தக் கப்பல், 1782 ஏப்ரல் 8 அன்று ஜோஷுவா பார்னி என்ற 22 வயதுக் கேப்டனின் தலைமையில், தன்னைவிட வலிய ‘ஜெனரல் மங்க்’ என்ற பிரிட்டிஷ் கப்பலைச் சுமார் அரை மணி நேரச் சண்டையில் கைப்பற்றியது.

மாலுமிகளைத் தேடுபவர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அது மாநிலத்தின் கப்பல், தேசியக் கடற்படையின் கப்பல் அல்ல. ஆகவே வாஷிங்டன் நகரக் காப்பகத்தோடு நிற்காமல், ஹாரிஸ்பர்க் நகரிலுள்ள பென்சில்வேனியா மாநில ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும். 1832க்குப் பின் விண்ணப்பித்த மாலுமிகளின் வாக்குமூலங்களில் கப்பலின் பெயர் பல விதமாக எழுதப்பட்டிருக்கும் என்பதால், ஒரே எழுத்துமுறையை மட்டும் தட்டித் தேடிவிட்டு இல்லை என்று முடிவுசெய்ய வேண்டாம். அமெரிக்கர் பக்கம் பிரான்சும் சேர்ந்த அந்தப் போரின் கடைசி மோதல்களுள் ஒன்று 1783 ஜூனில் நம் கடலூரில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே நடந்தது. சமாதானச் செய்தி கப்பலில் வந்து சேர்ந்த பிறகே அங்கே பீரங்கிகள் ஓய்ந்தன.

கேள்வி: தேடியதில் என் மனைவியின் முன்னோர் பிரிட்டிஷ் தரப்பில் போரிட்டவர் என்று தெரிகிறது. மாமனாரிடம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.
– வாசகர், டொராண்டோ

பதில்: நீங்கள் இருக்கும் நாட்டில் தயங்கத் தேவையே இல்லை. அரசருக்கு விசுவாசமாக நின்று, போருக்குப் பின் வடக்கே குடியேறிய அத்தகையோரின் வழித்தோன்றல்களுக்குக் கனடாவில் தனிச் சங்கமே உண்டு. இழந்த சொத்துக்கு ஈடு கேட்டு அவர்கள் அளித்த மனுக்கள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கணவரின் முன்னோர் கல்லறையைக் கண்டுபிடித்துவிட்டோம். கல்லில் பாசி படர்ந்திருக்கிறது; எழுத்து தெரியவில்லை. பக்கத்திலிருக்கும் அவர் தம்பியின் குழிக்குக் கல்லே இல்லை. அவரும் வீரர்தான். என்ன செய்யலாம்?
– வாசகி, கனெக்டிகட்

பதில்: முதலில் கல்லறைத் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெறுங்கள். பிறகு தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். வெளுப்புத்தூள் கரைசல், கம்பித் தூரிகை, அழுத்தமாக நீர் பீய்ச்சும் இயந்திரம் ஆகிய மூன்றும் ஆகவே ஆகாது. இருநூறு ஆண்டு மழை செய்யாத சேதத்தை அவை ஒரே பகலில் செய்துவிடும். தட்டினால் உள்ளே கூடு போல ஒலிக்கும் கல்லையும், ஏடு ஏடாக உரியும் கல்லையும் தொடவே வேண்டாம். எழுத்தைப் படிக்கச் சுண்ணக்கட்டியோ மாவோ பூசுவதும் தவறு. பக்கவாட்டிலிருந்து கண்ணாடியால் வெயிலைத் திருப்பினால் செதுக்கலின் நிழல் விழுந்து எழுத்து தானே தெரியும். படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் குழிக்கு அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையே இலவசமாகக் கல் தரும். 1917 ஏப்ரல் 6க்கு முன் பணி முடித்த வீரர் என்றால் உறவினர்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, யாரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அவர் படையில் பணியாற்றியதற்கான ஆவணத்தை இணைக்க வேண்டும். குடும்பக் கதை செல்லாது. தனியார் கல்லறைத் தோட்டத்தில் கல்லை நடும் செலவு உங்களுடையது. அண்ணனின் பழைய கல்லுக்குப் பதிலாகப் புதியது கேட்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். படிக்க முடிகிற பழைய கல்லை அகற்றுவது மரியாதை ஆகாது என்பது எமது கருத்து.

கேள்வி: என் மகளுக்கு வயது 19. தந்தை வழியில் புரட்சிப் போர் வீரர் ஒருவர் உண்டு. தாய் தமிழச்சியாக இருப்பதால் ‘அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்’ சங்கத்தில் சேரத் தடை வருமா?
– வாசகி, டாலஸ்

பதில்: வராது. 1890இல் தொடங்கிய அச்சங்கம் 18 வயது நிறைந்த பெண்களைச் சேர்க்கிறது. தாய், தந்தை என்று எந்த வழியிலேனும் ஒரு நேரடி முன்னோரைத் தலைமுறைதோறும் ஆவணத்தோடு நிரூபித்தால் போதும். முன்னோர் துப்பாக்கி ஏந்தியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. படைக்குத் தானியமோ மாடுகளோ கொடுத்தவரும், ஊர்ப் பொறுப்பில் இருந்தவரும் தகுதி பெறுகிறார்கள். அச்சங்கத்தின் கடந்த காலம் களங்கமற்றதல்ல. 1939இல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்குத் தன் அரங்கத்தை மறுத்ததும், அதற்காக அன்றைய அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் உறுப்பினர் பதவியைத் துறந்ததும் ஊரறிந்த செய்தி. ஆனால் புரட்சிப் போரில் பங்கேற்ற கறுப்பினத்தவர், பழங்குடியினர் பெயர்களைத் திரட்டி 2008இல் பெருநூலாக வெளியிட்டதும் அதே சங்கம்தான்.

விண்ணப்பிக்கும் முன் சங்கத்தின் இணையத் தரவுத்தளத்தில் அந்த முன்னோர் பெயரைத் தேடிப் பாருங்கள், கட்டணம் இல்லை. அவர் பெயரில் முன்பே யாரேனும் சேர்ந்திருந்தால் பாதி வேலை மிச்சம். ஆனால் பழைய விண்ணப்பங்களில் சான்றின்றி ஏற்கப்பட்டவையும் உண்டு. அத்தகைய தலைமுறைகளை உங்கள் மகள் புதிதாக நிரூபிக்க வேண்டியிருக்கும்.