வேலூரிலிருந்து உலகக் கோப்பை கால்பந்தை நேரலையில் பார்க்க, நேரத்தையும் தேதியையும் எப்படிக் கணக்கிடுவது?

நம்ம நேரம் வருஷம் முழுக்க ஒன்றுதான்: கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். மாறுவது ஆட்டம் நடக்கும் நாட்டின் பக்கம். அமெரிக்காவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள். அதனால் ஜூன், ஜூலையில் நியூயார்க் நேரத்தோடு ஒன்பதரை மணி நேரமும், லாஸ் ஏஞ்சல்ஸ் நேரத்தோடு பன்னிரண்டரையும் கூட்டுங்கள். மெக்சிகோ சிட்டிக்குப் பதினொன்றரை.

தேதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2026 இறுதிப் போட்டிக்கு நியூஜெர்சியில் (அங்கேயும் நியூயார்க் நேரம்தான்) குறித்த நேரம் ஜூலை 19, ஞாயிறு பிற்பகல் 3 மணி. நமக்கு அது திங்கள் பிறந்து 12:30. ஞாயிறு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் தூங்கிவிடாதீர்கள், திங்கள் ராத்திரி உட்கார்ந்தால் கோப்பையைக் கொடுத்து முடித்திருப்பார்கள். காட்பாடியில் எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தாளிலேயே பேனாவால் எழுதிவைப்போம், "ஞாயிறு படுக்காதே" என்று.

கத்தார் நமக்கு வரம். 2022 இறுதி ஆட்டம் இரவு 8:30-க்கே தொடங்கியது. அன்று நான் செல்போனில் பார்த்தேன். பிரான்ஸ் வீரர் எம்பாப்பே பெனால்டி அடிக்க ஓடி வருகிறார், அதற்குள் பக்கத்து வீட்டில் "கோல்!" என்று கத்திவிட்டார்கள். இணைய நேரலை பெரும்பாலும் கேபிளுக்குச் சில விநாடி பிந்தித்தான் வரும். கேபிள் இருந்தால் அதிலேயே பாருங்கள். இல்லையென்றால் ஹெட்போன் போட்டு, வாட்ஸ்அப்பை அணைத்துவிடுங்கள். துபாயில் இருக்கும் அண்ணனுடைய மெசேஜும் முந்திக்கொள்ளும்.