பிப்ரவரிக்கு ஏன் 28 நாள்கள்?

கேள்வி: செப்டம்பர் என்ற பெயர் இலத்தீனில் ஏழைக் குறிக்கிறது, ஆனால் அந்த மாதம் ஒன்பதாவதாக வருகிறது. பிப்ரவரிக்கு மட்டும் 28 நாள்கள். பேரரசர் அகஸ்டஸ் தம் பெயர் கொண்ட மாதத்தை நீட்டுவதற்காகப் பிப்ரவரியிலிருந்து ஒரு நாளை எடுத்துக்கொண்டார் என்று படித்தேன். அது உண்மையா? 365 நாள் கணக்கு யாருடையது?

பதில்: அகஸ்டஸ் கதை உண்மையன்று. இத்தாலியின் ஆன்சியோ நகரில் கிடைத்த சுவர் நாள்காட்டி ஒன்றே அதற்குச் சான்று. சுண்ணாம்புப் பூச்சின் மேல் கறுப்பு, சிவப்பு வண்ணங்களால் எழுதப்பட்ட அது, அகஸ்டஸுக்கு முன்பே ஜூலியஸ் சீசர் செய்த நாள்காட்டிச் சீர்திருத்தத்துக்கும் முந்தையது. மாதத்துக்கு ஒரு பத்தி வகுத்து, நாள்களை மேலிருந்து கீழாக எழுதி, அடியில் மொத்த எண்ணிக்கையைக் குறித்திருக்கிறார்கள். பிப்ரவரியின் அடியில் அப்போதே 28 என்றுதான் இருக்கிறது.

ஒற்றைப்படை எண்களே மங்கலமானவை என்பது உரோமரின் நம்பிக்கை. ஆகவே நான்கு மாதங்களுக்கு 31, ஏழு மாதங்களுக்கு 29 என்று நாள்களை வகுத்து, ஆண்டுக்கும் 355 என்ற ஒற்றைப்படை எண்ணையே கொண்டார்கள். ஆனால் பன்னிரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் இரட்டைப்படைதான் வரும். ஏதேனும் ஒரு மாதம் இரட்டைப்படையாக இருந்தே தீர வேண்டும். அந்தக் குறையைத் தூய்மைச் சடங்குகளுக்கும் இறந்தோர் வழிபாட்டுக்கும் உரிய பிப்ரவரியின் தலையில் வைத்தார்கள். பழைய வழக்கில் மார்ச்சே முதல் மாதம். அங்கிருந்து எண்ணினால் செப்டம்பர் ஏழாவதாகவே வரும். கி.மு. 153 முதல் உரோமின் ஆட்சித் தலைவர்கள் ஜனவரி 1 அன்று பதவியேற்கத் தொடங்கியபின் அந்த நாளே ஆண்டுப் பிறப்பாக நிலைத்தது.

355 நாள்கள் பருவச் சுழற்சிக்குப் போதா என்பதால், அவ்வப்போது பிப்ரவரி 23-ஐ ஒட்டிக் கூடுதல் மாதம் ஒன்றைச் செருகினார்கள். அதை முடிவு செய்யும் உரிமை குருமார்களிடம் இருந்தது. வேண்டியவர் பதவியில் இருந்தால் ஆண்டை நீட்டுவதும், வேண்டாதவர் இருந்தால் குறுக்குவதும் நடந்ததால், சீசர் காலத்தில் நாள்காட்டி பருவங்களைவிட்டு ஏறக்குறைய மூன்று மாதம் விலகிப்போயிருந்தது.

365 நாள் கணக்கு எகிப்தியருடையது. என் மனத்தில் இந்தக் கதையின் உண்மையான நாயகர்கள் அவர்களே. சிரியஸ் விண்மீன் ஏறக்குறைய 70 நாள்கள் கண்ணுக்குப் புலப்படாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் சூரியன் எழுவதற்குச் சற்று முன் கீழ்வானில் மீண்டும் தோன்றும். நைல் நதியில் வெள்ளம் வரும் காலமும் அதுவே. வெள்ளம், விதைப்பு, அறுவடை என்ற மூன்று பருவங்களுக்கும் நான்கு நான்கு மாதங்கள். மாதத்துக்கு 30 நாள்கள். இறுதியில் ஐந்து நாள்கள். எவ்வளவு எளிய கணக்கு! எனினும் சூரிய ஆண்டு ஏறத்தாழ 365¼ நாள்கள் கொண்டது என்பதால், நான்கு ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் அந்தக் கணக்கு பருவங்களைவிட்டு விலகியது. கி.மு. 238-இல், மூன்றாம் தாலமி ஆட்சியில், நான்காண்டுக்கு ஒருமுறை ஆறாவது நாளைச் சேர்க்கும்படி எகிப்தியக் குருமார்கள் கல்லில் ஆணை பொறித்தார்கள். அது அங்கே நடைமுறையில் நிலைக்கவில்லை.

அலெக்சாந்திரியாவின் வானியலறிஞர் சோசிஜெனிசின் ஆலோசனையுடன் சீசர் அதே தீர்வை உரோமுக்குக் கொண்டுவந்தார். விலகலைச் சரிசெய்வதற்காகக் கி.மு. 46-ஆம் ஆண்டு 445 நாள்களாக நீட்டப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் ஏழு மாதங்களில் ஒன்றோ இரண்டோ நாள்கள் கூட்டப்பட்டு 365 நிறைவாயிற்று. இன்றைய ஆகஸ்ட் 31 நாள்கள் பெற்றது அப்போதுதான்; அதற்கு அகஸ்டஸ் பெயர் வந்ததோ கி.மு. 8-இல். சடங்குகள் குலையக்கூடாது என்பதால் பிப்ரவரியைத் தொடவில்லை. சீசர் மறைந்தபின் குருமார்கள் தவறாக எண்ணி மூன்றாண்டுக்கு ஒருமுறை லீப் ஆண்டு வைத்ததையும், மிகுந்துபோன நாள்களை ஈடுகட்டச் சில லீப் ஆண்டுகளை அகஸ்டஸ் விட்டுவிட்டதையும் இங்கே சொல்ல வேண்டும். நாள்காட்டியில் அவர் செய்த உருப்படியான பணி இதுவே.

ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நிமிடம் மிகுந்திருந்த பிழையை 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி திருத்தினார்: அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று, 400 ஆண்டுகளுக்கு 97 லீப் ஆண்டுகள் என்ற விதியும் வந்தது.

சீசரின் கூடுதல் நாள் பிப்ரவரியின் இறுதியில் சேர்க்கப்படவில்லை. பழைய கூடுதல் மாதம் செருகப்பட்ட அதே இடத்தில், 24-ஆம் நாளையே இரண்டு முறை எண்ணினார்கள். பிப்ரவரி 29 என்று எழுதும் வழக்கம் பின்னர் வந்தது.