டிக் டிக் என்று அடித்தால் மேரி கியூரி கடிதமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். மேரி கியூரி 1908-இல் எழுதிய கடிதம் என்று ஒன்றை ஒரு தரகர் ஒன்றரை லட்சத்துக்குத் தருகிறார். தாளின் தலைப்பில் ‘ரேடியம் நிறுவனம், பாரிஸ்’ என்று அச்சாகியிருக்கிறது. கதிரியக்கத்தைக் காட்டும் கைகர் கருவியை அருகில் கொண்டுபோனதும் டிக் டிக் என்று அடிக்கும் வீடியோவும் அனுப்பியிருக்கிறார். வாங்கலாமா? பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் வைக்கலாமா?

பதில்: முன்பணம் கொடுத்துவிடாதீர்கள், ஐயா. அந்த நிறுவனத்தைத் தொடங்குவது என்று முடிவானதே 1909-இல்தான். கட்டடம் முடிந்தது 1914-இல். பிறக்காத நிறுவனத்தின் பெயரை 1908-இல் யார் அச்சடித்திருப்பார்கள்?

அந்த டிக் டிக் சத்தம்தான் இந்தத் தரகர்களின் பெரிய மூலதனம். நம் வீட்டுத் திருமணங்களில் எரிந்த பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலில் தோரியம் உண்டு. அதன் சாம்பலுக்கு அருகில் வைத்தாலும் கருவி அடிக்கும். அந்தச் சத்தம் கதிரியக்கம் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். எழுதிய கை யாருடையது என்று சொல்லாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கியூரியின் ஆய்வகக் குறிப்பேடுகளில் கதிரியக்கம் இன்னும் இருப்பதால், பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகம் அவற்றை ஈயப் பெட்டிகளில் வைத்திருக்கிறது. ரேடியத்தின் அரை ஆயுட்காலம், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 1600 ஆண்டுகள். நூறு ஆண்டில் 4 சதவீதம்தான் குறையும். ஆனால் அந்தக் குறிப்பேடுகள் ரேடியத்தைக் கையாண்ட விரல்களோடு, ஆய்வக மேசையிலேயே எழுதியவை. கடிதம் அப்படியல்ல, வீட்டில் உட்கார்ந்தும் எழுதுவார்கள். கருவி வாய் திறக்காத கடிதமும் அசலாக இருக்கலாம். குறிப்பேட்டின் கதையைக் கடிதத்தின் தலையில் கட்டி விற்பதுதான் இங்கே நடக்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தத் தாள் யார் யார் கை மாறி வந்தது? ஒருவர் எழுதிய கடிதம் அவரிடம் இருக்காது, பெற்றவரிடம் இருக்கும். உதாரணத்துக்கு, கியூரியின் காலத்தில் கதிரியக்கத்தை ஆராய்ந்த ரூதர்ஃபோர்டும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் போல்ட்வுட்டும் 1904 முதல் 1924 வரை எழுதிக்கொண்ட கடிதங்கள் 1969-இல் புத்தகமாகவே வந்துவிட்டன. ரூதர்ஃபோர்டின் தாள்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன, போல்ட்வுட்டுடையவை யேலில். அந்த வரிசையில் ஒன்று நாளை உங்கள் கைக்கு வந்தால், அது நகல் அல்லது திருட்டு என்றே வைத்துக்கொண்டு விசாரியுங்கள். யாருக்கு எழுதியது என்பதையே தரகர் சொல்லாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

பிள்ளைகள் விஷயம். மை காய்ந்த தாள் பாம்பு போலக் கடிக்காது. ஆனால் கருவி உண்மையிலேயே அடிக்கிறது என்றால் அதில் ஏதோ பூசியிருக்கிறார்கள். அந்தத் தூள் மூச்சிலோ வாயிலோ போவதுதான் ஆபத்து. நேரில் பார்க்கப் போனாலும் விரலால் தேய்க்காதீர்கள், கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் யாரிடம் ஒப்படைப்பது என்று ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதிக் கேட்டேன். மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது: ‘சம்பந்தப்பட்ட துறையை அணுகவும்.’ எது சம்பந்தப்பட்ட துறை என்பதற்கு நான்காவது கடிதம் போட்டிருக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை விடவில்லை என்றால், வீடியோவுக்குப் பதிலாக அந்தத் தாளை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து எடுத்த படமும், பின்பக்கத்தின் படமும், முந்தைய உரிமையாளர் விற்ற ரசீதும் கேளுங்கள்.