பெல்லட் பர்னர் ஃபீடு ரேட்: கேளுங்க, சொல்றேன்

பேக்கரி அடுப்பு, சின்ன பாய்லர்னு பெல்லட் பர்னர் (மரத்தூள் மாதிரி தூளை அழுத்தி செஞ்ச சின்ன உருளைத் துண்டுகளை எரிக்கிற மெஷின்) சர்வீஸ் பண்ற ஆளு நான். ஃபீடு செட்டிங் (மணிக்கு எவ்ளோ பெல்லட் பர்னருக்குள்ள போகணும்ங்கிறது) பத்தி வந்த கேள்விக்கெல்லாம் மொத்தமா பதில் போடுறேன்.

கேள்வி: அண்ணா, பர்னர் மாட்டுனப்பவே ஒரு நம்பர் போட்டுக் குடுத்துட்டாங்க, அதுவே போதாதா?

போதாது தம்பி. அது அன்னைக்கு அவங்க கைல இருந்த பெல்லட்டுக்குப் போட்டது. பெல்லட்டை பர்னருக்குத் தள்ற ஸ்க்ரூவுக்கு எடையெல்லாம் தெரியாது, ஒரு சுத்துக்கு எவ்ளோ இடம் இருக்கோ அவ்ளோ தள்ளும், அவ்ளோதான். பெல்லட் நீளமா இருந்தா நடுவுல சந்து ஜாஸ்தி, எடை கம்மியா விழும். குட்டையா இருந்தா நெருக்கி உக்காந்து அதிகமா விழும்.

கேள்வி: சரி, எப்படி அளக்கிறது? சமையல் தராசு போதுமா?

5 கிலோ தாங்கினா போதும். பர்னர் நல்லா ஆறட்டும், அப்புறம் ஸ்க்ரூவிலருந்து பர்னருக்கு வர்ற ஹோஸைக் கழட்டி பக்கெட்டுக்குள்ள விடுங்க. மேனுவல்ல ஸ்க்ரூவை ஓட்டி பெல்லட் சீரா விழுற வரைக்கும் வர்றத ஹாப்பர்லயே, அதான் பெல்லட் கொட்டி வெக்கிற தொட்டியிலயே, திருப்பிக் கொட்டிடுங்க (காலி ஸ்க்ரூவோட அளந்துட்டு ராத்திரி 10 மணிக்கு போன் பண்றவங்க நிறைய பேரு). இப்ப காலி பக்கெட்டோட தராசை சைபர் பண்ணிட்டு 6 நிமிஷம் ஓட்டுங்க, வந்த எடையை 10ஆல பெருக்குனா மணிக்கு எத்தனை கிலோன்னு வந்துரும். மூணு தடவை பண்ணி சராசரி எடுங்க.

கேள்வி: மணிக்கு 36 கிலோ வருதுங்க. என்னோடது 1 லட்சம் கிலோகேலரி பர்னர்.

நல்ல மரத்தூள் பெல்லட் கிலோவுக்கு சுமாரா 4000 கிலோகேலரி, அப்ப 25 கிலோ போதும். 25ஐ 36ஆல வகுத்தா 0.69, அதாவது ஸ்க்ரூ 10 செகண்ட்ல 7 செகண்ட் ஆன், 3 ஆஃப். சில கன்ட்ரோலர்ல அளந்த எடையவே கேக்கும், அதுல அப்படியே போட்டுட்டா மீதிய அதுவே பாத்துக்கும்.

கேள்வி: கரும்புகை வருதுன்னு ப்ளோயரை ஏத்திட்டேன் அண்ணா, இப்ப எரியாத பெல்லட்டே சாம்பல்ல கிடக்குது.

அக்கா, எடை பாக்காம காத்துல கை வெச்சா இப்படித்தான் ஆகும். உங்களுக்கு ஃபீடுதான் ஜாஸ்தி. காத்தை ஏத்தினதும் பெல்லட்டு பாதி எரிஞ்சதும் எரியாததுமா வெளிய பறக்குது. ப்ளோயரைப் பழைய இடத்துக்கே கொண்டு வாங்க, ஃபீடை அளந்து சரி பண்ணுங்க, அதுக்கப்புறம் காத்து. அனலைசர் கிடைச்சா சிம்னி புகைல ஆக்சிஜன் 6லருந்து 10 சதவீதத்துக்குள்ள இருக்கான்னு பாருங்க. இன்னொண்ணு, தீ பத்தாம குவிஞ்சு கிடக்கிற பெல்லட்டு மேலயே திருப்பி ஸ்டார்ட் பண்ணிராதீங்க, சேந்த புகை ஒரேடியா பத்திக்கிட்டு கதவைத் தள்ளிடும்.

கேள்வி: கடலைத்தோல் பெல்லட் விலை கம்மின்னு மாத்தலாமா?

மாத்தலாம், ஆனா சாம்பல் மரத்தூளை விட ஜாஸ்தி, கிளிங்கர் (உருகி கல்லு மாதிரி இறுகுன சாம்பல்) கட்டி காத்து ஓட்டையை அடைக்கும். ஃபீடையும் திரும்ப அளக்கணும், ரெண்டு நாளைக்கு ஒருக்கா சுரண்டணும். அந்த வேலைக்கு ஆள் இல்லன்னா எனக்கு அது லாபமாத் தெரியல.

கேள்வி: எத்தனை நாளைக்கு ஒருக்கா அளக்கணும்?

நாள் கணக்கு இல்லீங்க, லோடு கணக்கு. புது லோடு இறங்குனா அளக்கணும். கூட்டுறவங்க ஸ்க்ரூவை நகத்தி சாய்வு மாறிட்டாலும் அளக்கணும், நட்டமா நிமிந்துச்சுன்னா தள்றது குறையும். நான் சாய்வு மாறாம இருக்க சுவத்துல மார்க்கர்ல கோடு போட்டுட்டு வந்துருவேன்.