ஆன் ஆர்பரில் தலைக்கணக்கும் ஓட்டுக்கணக்கும்

“அக்கா, எனக்கு அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் வேலை கிடைத்திருக்கிறது. எச்-1பி வேலை விசா. மனைவி, நான்கு வயது மகளோடு ஆகஸ்டில் வருகிறோம். சின்ன காலேஜ் ஊர், ஆனால் அரசியல் சூடு அதிகம் என்கிறார்கள். நமக்கு ஒத்துவருமா? வந்ததும் வீடு வாங்கிவிடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

ஊர் ஒத்துவரும். நான் 2004-ல் வந்தவள். இந்த ஊரை விட்டுப் போக ஒரு நாளும் தோன்றியதில்லை. வீட்டுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். ஏன் என்று சொல்ல ஊரின் தலைக்கணக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

2020 சென்சஸ்படி நகரத்தில் 1,23,851 பேர். ஊர் இருக்கும் வாஷ்டெனா கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) முழுக்க 3,72,258. மெட்ரோ என்று கணக்கெடுப்பவர்கள் சொல்வது இந்த ஒரே கவுண்டியைத்தான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். அதன் அமெரிக்க ஃபுட்பால் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை ஊருக்குள் இன்னொரு ஊர் வந்து இறங்கும். அன்றைக்குக் காய்கறி வாங்கக்கூடக் காரை எடுக்காதீர்கள்.

மாணவர், விசாக்காரர், குழந்தை என்று எல்லோரும் சென்சஸில் ஒரு தலைதான். குடியுரிமை பார்த்துக் கணக்கெடுப்பதில்லை. ஓட்டு என்று வரும்போதுதான் கணக்கு மாறுகிறது.

கட்சி அரசியலைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரி. 2020-ல் இந்தக் கவுண்டியில் பைடனுக்கு 72 சதவீத ஓட்டு. யுஎஸ்-23 சாலையில் வடக்கே அரைமணி நேரம் போனால் லிவிங்ஸ்டன் கவுண்டி. அங்கே குடியரசுக் கட்சிதான் வலு. மாநிலம் முழுக்கப் பார்த்தால் 2016-ல் டிரம்ப், 2020-ல் பைடன், 2024-ல் மறுபடி டிரம்ப். அதனால் அதிபர் தேர்தல் வருடத்தில் பெரிய தலைவர்கள் வாசலுக்கே வருவார்கள். ஊருக்கும் இது பழக்கம்தான். 1960-ல் கென்னடி பின்னிரவு இரண்டு மணிக்கு மாணவர் சங்கக் கட்டடத்துப் படிக்கட்டில் நின்று பேசியதிலிருந்துதான், இளைஞர்களை வெளிநாட்டுத் தொண்டுக்கு அனுப்பும் ‘பீஸ் கோர்’ (அமைதிப் படை) என்ற எண்ணம் சூடுபிடித்தது. 1965-ல் வியட்நாம் போரை எதிர்த்து விடிய விடிய நடந்த முதல் ‘டீச்-இன்’ (பேராசிரியர்களும் மாணவர்களும் கூடி விவாதிக்கும் கூட்டம்) இங்கேதான். உங்கள் மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் வீதியில் பதாகை பிடிக்கும் குழந்தைகளைப் பார்த்துப் பழகிவிடுவாள்.

ஆனால் ஊருக்குள் நடக்கும் உண்மையான சண்டை இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் இல்லை. நகர கவுன்சிலில் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர்கூட இல்லை. நவம்பர் தேர்தல் இங்கே சடங்கு மாதிரி. ஆகஸ்டில் நடக்கும் ஜனநாயகக் கட்சி பிரைமரியிலேயே, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலிலேயே, முடிவு தெரிந்துவிடும். ஆகஸ்டில் மாணவர்களில் பாதிக்கு மேல் ஊரில் இருக்க மாட்டார்கள். ஐந்து வார்டுகளும் நடுவூரிலிருந்து பீட்சா துண்டுபோல் விரிவதால் மாணவர் ஓட்டும் பிரிந்துபோகும். ஆக, முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டில் நெடுநாள் குடியிருப்பவர்கள். சண்டை எதைப் பற்றி? இன்னும் எத்தனை வீடு கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதைப் பற்றி.

பல்கலைக்கழகம் வைத்திருக்கும் நிலத்துக்குச் சொத்து வரி கிடையாது. ஊரைச் சுற்றியுள்ள விளைநிலத்தைக் காக்க 2003-ல் மக்களே ஓட்டுப் போட்டு முப்பது வருட வரி போட்டுக்கொண்டார்கள். நல்ல காரியம்தான், நான் அந்தப் பக்கம் நடக்கப் போகும்போதெல்லாம் சந்தோஷப்படுகிறேன். ஆனால் வேலைக்கு வருபவர் கூடிக்கொண்டே இருக்க, வீடு அந்த அளவு கூடவில்லை. ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸுகள் பலர் பக்கத்து ஊரான இப்சிலாண்டியிலிருந்தும் லிவிங்ஸ்டனிலிருந்தும் வருகிறார்கள். இப்சிலாண்டி பக்கத்தில் 2010-ல் கார் கியர்பாக்ஸ் செய்த வில்லோ ரன் ஆலை மூடியபோது வேலை போன குடும்பங்கள் ஏராளம். சற்று நேர பஸ் பயணத்தில் இரண்டு வாழ்க்கை. அது எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

இப்போது உங்கள் வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். 1994 சட்டப்படி, ஒருவர் வீட்டை வைத்திருக்கும் வரை வரிக்கான மதிப்பு வருடத்துக்கு விலைவாசி உயர்வு அளவுக்கோ 5 சதவீதமோ, எது குறைவோ அவ்வளவுதான் ஏறும். விற்றால் மறுவருடம் அந்தக் கட்டுப்பாடு போய், சந்தை விலையில் பாதி என்று புதிதாகக் கணக்கிடுவார்கள். நாங்கள் 2012-ல் வாங்கிய வீட்டில் முந்தையவர் இருபத்தைந்து வருடம் இருந்தவர். அவர் கட்டிய வரியைப் பார்த்து மாதச் செலவைப் போட்டோம். மறுவருடம் வந்த ரசீது கிட்டத்தட்ட இரட்டிப்பு. வாங்கும்போது எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. அந்த வருடம் ஊருக்குப் போகும் டிக்கெட்டை ரத்து செய்தோம். நீங்கள் விற்பவரின் வரியைப் பார்க்காமல் வாங்கும் விலையில் பாதியை வைத்துக் கணக்குப் போடுங்கள். இன்னொன்று, ‘ஆன் ஆர்பர்’ என்று தபால் முகவரி இருந்தாலே நகரம் ஆகிவிடாது. நகரத்தை ஒட்டித் தனி நிர்வாகத்தோடு இருக்கும் பிட்ஸ்ஃபீல்டு, சியோ டவுன்ஷிப்களில் வரி குறைவு, பள்ளி மாவட்டமும் மாறலாம். தெருவைச் சொல்லிக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: டிரைவிங் லைசன்ஸ் எடுக்கும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்திலேயே வாக்காளர் பதிவும் நடக்கிறது. குடிமகனா என்று கேட்டால் ‘இல்லை’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 2024-ல் இங்கே படித்த வெளிநாட்டு மாணவர் ஒருவர் ஓட்டுப் போட்டு வழக்கில் சிக்கினார். நாடு கடத்தும் அளவுக்குப் போகும் தவறு இது. எச்-1பியில் இருக்கும்போது வேட்பாளருக்கு நன்கொடையும் கூடாது.

ஆனால் பேசலாம். கவுன்சில் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேச யாரும் குடியுரிமை கேட்பதில்லை. பஸ் போகும் சாலையோரம் அடுக்குமாடிக்கு அனுமதி கேட்டு வந்தபோது, விசாவில் இருந்த நான் நடுங்கும் குரலில் ஆதரித்துப் பேசினேன். முடிந்ததும் எதிர்த்துப் பேசிய ஒரு முதியவர் வந்து, எங்கே குடியிருக்கிறாய் என்று அன்போடு விசாரித்தார். எனக்குக் குடியுரிமை கிடைத்தது 2021-ல். அடுத்த ஆகஸ்டில்தான் முதல் ஓட்டு. அதற்கு முந்தைய பதினேழு வருடமும் நான் இந்த ஊர்க்காரிதான்.

முதல் வருடம் வாடகைக்கு இருங்கள். ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில் மாறும், அதனால் இப்போதே தேடத் தொடங்குங்கள். பிளிமத் ரோடு பக்கம் நம்மவர்கள் அதிகம், பஸ்ஸும் உண்டு. பார்த்த வீடுகளின் தெருப் பெயரை அனுப்புங்கள், எது நகரம் எது டவுன்ஷிப் என்று பார்த்துச் சொல்கிறேன்.