கிளிக்கர் முறையில் குதிரை பழக்குதல்: கேள்வி பதில்

பொள்ளாச்சிக்கு அருகே எங்கள் தோப்பில் மூன்று குதிரைகள் இருக்கின்றன: மார்வாரி இனத்தைச் சேர்ந்த ஒரு பெண் குதிரை, அதன் குட்டி, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஓர் ஆண் குதிரை. ஒன்பது ஆண்டுகளாக இவற்றைக் கிளிக்கர் கொண்டு பழக்கி வருகிறேன். குதிரை வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் அனுபவத்தையும் படித்ததையும் சேர்த்து விடை எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: கிளிக்கர் என்பது என்ன? வெல்லத்தைக் காட்டிக் குதிரையை வரவழைப்பது எங்கள் பக்கத்தில் காலங்காலமாக நடப்பதுதானே? இதில் புதிதாக என்ன இருக்கிறது?

பதில்: கிளிக்கர் என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் இருக்கும் உலோகத் தகட்டை அழுத்தினால் 'டிக்' என்று கூர்மையான ஓர் ஒலி வரும். குதிரை நாம் விரும்பும் ஒன்றைச் செய்யும் அதே நொடியில் அந்த ஒலியை எழுப்பி, அதன் பிறகு ஒரு வாய் உணவு கொடுக்க வேண்டும். முறை இவ்வளவுதான்.

வெல்லத்தை முன்னால் நீட்டினால் குதிரை வெல்லத்தைப் பார்த்து வருகிறது. தன் கால் என்ன செய்தது, தலை எங்கே இருந்தது என்பதை அது கவனிப்பதில்லை. கிளிக்கர் முறையில் உணவு பைக்குள் மறைந்திருக்கும். செயல் முதலில், ஒலி அடுத்து, உணவு கடைசியில். நாம் பையில் கைவிட்டு எடுத்துக் கொடுப்பதற்குள் குதிரை தலையைத் திருப்பி, காலை மாற்றி வைத்து, ஈயையும் விரட்டியிருக்கும். இவற்றில் எதற்காக உணவு கிடைத்தது என்பதை அந்த ஒலிதான் அதற்குச் சொல்கிறது.

உளவியல் அறிஞர் பி. எஃப். ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் தம்பதியர் 1940களில் அமெரிக்காவில் இதைத் தொழில்முறையாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 1963இல் ஹவாயில் டால்பின்களைப் பழக்கத் தொடங்கிய கேரன் பிரையர் இதே வேலைக்கு விசிலைப் பயன்படுத்தினார். நீருக்குள் நீந்திப் போய்விடும் டால்பினுக்குக் கயிறு கட்டவும் முடியாது, சாட்டை வீசவும் முடியாது என்பதால் அங்கே வேறு வழியும் இல்லை. குதிரைகளிடம் இம்முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் அலெக்ஸாண்ட்ரா கர்லண்ட். 1993இல், குளம்பில் சீழ் வைத்து நடமாட முடியாமல் நின்ற தம் குதிரையிடம்தான் அவர் இதை முதலில் முயன்று பார்த்தார்.

கேள்வி: முதல் நாள் எங்கிருந்து தொடங்குவது? என்னிடம் இருப்பது நான்கு வயது ஆண் குதிரை, காயடிக்கவில்லை. கொஞ்சம் கடிக்கும்.

பதில்: கடிக்கும் பழக்கம் இருப்பதால் கட்டாயம் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றே தொடங்குங்கள். லாயத்தின் அரைக்கதவோ, நெஞ்சுயர மூங்கில் தடுப்போ போதும். முதல் இரண்டு வாரம் அதைத் தாண்டி உள்ளே போக வேண்டாம். குதிரையைப் பட்டினி போட்டுப் பழக்குவதும் கூடாது. குதிரையின் வயிற்றில் அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். வெறும் வயிறு புண்ணுக்கு வழி. தவிர, பசித்த குதிரை உணவை மட்டுமே நினைக்கும். எனவே, முன்னால் புல்லைப் போட்டு அரை மணி நேரம் மேயவிட்ட பிறகு ஆரம்பியுங்கள்.

ஒரு குச்சியின் நுனியில் காலியான பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டிக்கொள்ளுங்கள். நீலமோ மஞ்சளோ நல்லது. குதிரைக் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறியும்படி தெரிவதில்லை. பாட்டிலை மூக்குக்கு நேர் எதிரே நீட்டாமல், சற்றுப் பக்கவாட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். குதிரைக்குக் கிட்டத்தட்ட 350 பாகை பார்வை இருந்தாலும், தன் நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்கு அடியிலும் இருப்பது அதற்குத் தெரியாது. புதுப்பொருள் என்பதால் அதுவாகவே மோந்து பார்க்க வரும். மூக்கு பாட்டிலில் பட்டதும் கிளிக். உடனே குச்சியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டு உணவைக் கொடுங்கள். பத்து முறை போதும், நிறுத்திவிடுங்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பாட்டிலைத் தொட்டுவிட்டுக் காதை உங்கள் பக்கம் திருப்பி அது ஒலிக்காகக் காத்திருப்பதைப் பார்ப்பீர்கள். அதுவரை அடுத்த பாடத்துக்குப் போக வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்காக வாங்கிய மட்டக்குதிரைக்கு நாங்களாகவே கிளிக்கர் பழக்கினோம். இப்போது யார் போனாலும் சட்டைப் பையைக் கடித்து இழுக்கிறது. முறையே தவறா?

பதில்: முறையில் தவறில்லை, அம்மா, உணவு கொடுத்த இடத்தில்தான் தவறு. இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். எங்கள் பந்தயக் குதிரைக்கு முதல் மாதம் சட்டைப் பையிலிருந்தே கேரட் எடுத்துக் கொடுத்தேன். ஒருநாள் நான் குனிந்து வாளியை எடுத்தபோது, பையோடு சேர்த்து நெஞ்சுத் தோலையும் கவ்விவிட்டது. ஆறிப்போன தழும்பு இன்னும் இருக்கிறது.

குதிரை கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம், மனிதரிடமிருந்து முகத்தை விலக்கினால்தான் உணவு வரும் என்பது. மீண்டும் தடுப்புக்கு வெளியே நில்லுங்கள். இடுப்பில் உணவுப் பையைக் கட்டிக்கொண்டு, கையைக் கட்டியபடி அசையாமல் இருங்கள். குதிரை தேடும், முட்டும், முகரும். ஒன்றும் சொல்லாதீர்கள், தள்ளவும் செய்யாதீர்கள். சலித்துப்போய் ஒரு கணமாவது முகத்தை நேராகவோ அப்பாலோ திருப்பும். அந்தக் கணத்தில் கிளிக் செய்யுங்கள். பிறகு உணவை உங்கள் உடம்பருகே கொடுக்காமல், கையை முழுதாக நீட்டி, அதன் நெஞ்சுக்கு நேரே, அதுவே தலையைப் பின்னிழுத்து வாங்கும்படி கொடுங்கள். நான்கைந்து நாளில் மாற்றம் தெரியும். அதுவரை மகளை அருகே விட வேண்டாம். வீட்டில் யாரும் கிளிக் இல்லாமல் கையால் எதையும் ஊட்டவும் கூடாது. தாத்தா பாட்டிக்கும் இது பொருந்தும்.

கேள்வி: பின்னங்காலைத் தூக்கவே விடுவதில்லை. லாடம் அடிக்க வருபவர் மூக்கில் கயிறு முறுக்கித்தான் அடிக்கிறார். இதற்குக் கிளிக்கர் உதவுமா?

பதில்: இந்த வேலைக்காகத்தான் நான் கிளிக்கரையே தொட்டேன். குதிரையைப் பொறுத்தவரை காலைப் பிறர் கையில் கொடுப்பது என்பது ஓடித் தப்பும் வழியைக் கொடுத்துவிடுவது. அடம் என்று அதைச் சொல்ல முடியாது. முதலில் குளம்பிலோ மூட்டிலோ வலி இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலி இருக்கும்போது எந்தப் பழக்கமும் நிற்காது.

எங்கள் மார்வாரியிடம் இதைச் செய்த விதத்தைச் சொல்கிறேன். என் மனைவி தலைப்பக்கம் உணவோடு நிற்பார். கயிறு தளர்வாக இருக்கும். நான் பின்னங்காலின் பக்கவாட்டில், தோள் அதன் இடுப்பை ஒட்டியபடி நிற்பேன். முதல் நாள் இடுப்பிலிருந்து தொடைவரை மட்டும் கையைத் தடவி இறக்கினேன். கை நகர்ந்தும் அது அசையாமல் நின்ற நொடியில் கிளிக். நான் கிளிக் செய்ததும் மனைவி உணவைக் கொடுத்துவிடுவார். மூன்றாம் நாள் கை கணுக்கால்வரை போனது. காலைப் பிடித்துத் தூக்க நான் முயலவே இல்லை. கணுக்காலுக்கு மேலே இரண்டு விரலால் லேசாக அழுத்தி, உடல் எடை மறுகாலுக்கு மாறுவதற்காகக் காத்திருந்தேன். குதிகால் பக்கம் இலேசாக எழும்பி, குளம்பின் முனை மட்டும் மண்ணில் ஊன்றி நிற்கும் அந்த நிலைக்குக் கிளிக். அடுத்து, குளம்பு மண்ணைவிட்டு ஒரு விரல் உயரம் எழுந்ததற்குக் கிளிக்.

இங்கேதான் நான் சறுக்கினேன். தூக்கிய காலைப் பார்த்த மகிழ்ச்சியில் கை தாமதித்து, கால் கீழே இறங்கும் நொடியில் என் கிளிக் விழுந்துகொண்டிருந்தது. மூன்றே நாளில் அது காலைத் தூக்கியதும் வெடுக்கென்று உதறிக் கீழே வைக்கக் கற்றுக்கொண்டது. நான் கற்பித்ததை அது பிசகில்லாமல் செய்தது. கைப்பேசியில் எடுத்த காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது. இரண்டு நாள் குதிரையை விட்டுவிட்டு, மனைவி பந்தை எறிய, அது தரையில் படும் நொடியில் கிளிக் செய்து என் கையைப் பழக்கினேன்.

அதன் பிறகு, கால் காற்றில் இருக்கும்போது ஒரு நொடி, இரண்டு நொடி, மறுபடி ஒரு நொடி, பிறகு நான்கு நொடி என்று முன்பின்னாகக் காலத்தை நீட்டினேன். ஒவ்வொரு முறையும் நீளமாகவே கேட்டால் குதிரைக்கு வெறுத்துவிடும். கடைசியாக, குளம்பை ஒரு கல்லால் தட்டி, சுத்தியல் ஓசைக்குப் பழக்கினேன். நாளுக்கு ஏழெட்டு நிமிடம் வீதம் மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆயிற்று. லாடம் அடிப்பவர் முதல் முறை வந்தபோது அவர் கையாலேயே இரண்டு முறை உணவு கொடுக்கச் சொன்னேன். அவர் சிரித்தார், ஆனால் அன்று மூக்குக்கயிறு தேவைப்படவில்லை.

கேள்வி: கருவி கையில் இருந்தால் கடிவாளத்தை எப்படிப் பிடிப்பது? நாவால் ஒலி எழுப்பினால் போதாதா?

பதில்: போதும். பலரும் பின்னாளில் அதற்குத்தான் மாறுகிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: குதிரையை நடக்கத் தூண்டுவதற்கு நீங்கள் 'ட்ச், ட்ச்' என்று ஒலிப்பவராக இருந்தால், அடையாள ஒலி அதிலிருந்து முற்றிலும் வேறாக இருக்க வேண்டும். நான் நாவை மேலண்ணத்தில் ஒட்டி, 'டொக்' என்று ஒருமுறை மட்டும் சொடுக்குகிறேன். 'சபாஷ்' போன்ற சொல்லைத் தேர்ந்தால், பேச்சுவாக்கில் அது பத்து முறை வந்துவிடும். குதிரை அதை மதிப்பதை நிறுத்திவிடும்.

கேள்வி: கால்நடை மருத்துவம் படிக்கிறேன். கிளிக் ஒலியால்தான் குதிரை விரைவாகக் கற்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறதா?

பதில்: நல்ல கேள்வி, இதற்கு ஆர்வலர்களுக்குப் பிடிக்காத விடையும் உண்டு. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், கிளிக்கோடு உணவு பெற்ற குதிரைகளும் உணவு மட்டுமே பெற்ற குதிரைகளும் கற்ற வேகத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. உணவை உடனே கொடுக்கக்கூடிய எளிய செயலில் அப்படித்தான் இருக்கும் என்றே நானும் நினைக்கிறேன். உணவு சென்று சேர நேரமாகும் இடங்களில், அதாவது பின்னங்காலைத் தூக்குவது, குதிரையை ஏற்றிச் செல்லும் வண்டிக்குள் ஏறப் பழக்குவது, சவாரி ஆகியவற்றில், ஒலி இல்லாமல் எனக்கு வேலை ஓடுவதில்லை.

உணவுப் பரிசின் வலிமையைப் பற்றி ஐயமே இல்லை. 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வண்டியில் ஏற மறுத்த ஐந்து பெண் குதிரைகளை, இலக்கைத் தொடும் பயிற்சியின் (மேலே சொன்ன பாட்டில் பயிற்சி போன்றது) வழியாகவே படிப்படியாக ஏறப் பழக்கினார்கள். 2016இல் நார்வே ஆய்வாளர்கள் 23 குதிரைகளுக்கு மூன்று குறிப்பலகைகளைக் கற்பித்தார்கள்: ஒன்று போர்வையைப் போடு, ஒன்று கழற்று, ஒன்று இப்படியே இருக்கட்டும். இரண்டு வாரத்துக்குள் எல்லாக் குதிரைகளும் கற்றுக்கொண்டன. குளிரும் மழையுமாக இருந்த நாளில் போர்வையைக் கேட்டும், இதமான நாளில் வேண்டாம் என்றும் அவை பலகையை மூக்கால் தொட்டுக் காட்டின.

படிப்பில் நீங்கள் 'புத்திசாலி ஹான்ஸ்' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெர்லினில் கணக்குப் போடுவதாகச் சொல்லப்பட்ட அந்தக் குதிரை, கேட்பவரின் உடலில் தெரிந்த மிக நுண்ணிய அசைவைப் பார்த்தே குளம்பால் தட்டுவதை நிறுத்துகிறது என்று 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் நிறுவினார். கிளிக்கர் பழக்குபவர் மறக்கக் கூடாத செய்தி இது. கிளிக்குக்கு முன்பே உங்கள் கை பையை நோக்கி நகர்ந்தால், குதிரை ஒலியை விட்டுவிட்டுக் கையைத்தான் படிக்கும். ஒலி முடிந்த பிறகே கை அசைய வேண்டும்.

கேள்வி: எதை உணவாகக் கொடுக்கலாம்? வெல்லம் கூடாதா?

பதில்: ஒரு வேளைப் பயிற்சியில் முப்பது நாற்பது முறை கொடுக்க வேண்டியிருப்பதால் வெல்லம் வேண்டாம். மிகுந்த இனிப்பும் மாவுச்சத்தும் குளம்பு அழற்சிக்கு இட்டுச் செல்லும். உடல் பெருத்த மட்டக்குதிரைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். நறுக்கிய குதிரைமசால், புல் உருண்டைத் தீவனம், வழக்கமான கொள்ளுப் பங்கிலிருந்து எடுத்துவைத்த ஒரு கைப்பிடி ஆகியவை போதும். கேரட்டை வில்லையாக வெட்டாமல் நீளவாக்கில் சீவுங்கள். வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கும். கொடுத்த அளவை அன்றைய தீவனத்திலிருந்து கழித்துவிடுங்கள். பால்குடிக் குட்டிகளுக்கு உணவே வேண்டாம், கடிக்கப் பழகிவிடும். பிடரி முடியும் இடத்தில் சொறிந்துவிட்டால் மேலுதட்டை நீட்டி நிற்கும், அதுவே பரிசு.

கேள்வி: ஊட்டியில் முப்பது ஆண்டுகளாகக் குதிரை ஓட்டுகிறேன். கடிவாளமும் சாட்டையும் இல்லாமல் குதிரை பழகும் என்பதை நான் நம்பவில்லை.

பதில்: ஐயா, கடிவாளத்தை எறிந்துவிடச் சொல்ல நான் யார்? கயிற்றை இலேசாக இழுத்து, குதிரை இணங்கிய கணமே தளர்த்துவதும் கல்விதான். தளர்த்துவதுதான் அதற்குப் பரிசு. உங்களைப் போன்றவர்களின் கை அந்தக் கணத்தை என்னைவிட நன்றாக அறியும். இணங்கிய பிறகும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும் சவாரிக்காரர்களிடம்தான் குதிரையின் வாய் மரத்துப்போகிறது. நான் கயிற்றுச் சைகையையும் கிளிக்கையும் சேர்த்தே பயன்படுத்துகிறேன். சாட்டையைப் பற்றி மட்டும் மாறுபடுகிறேன். ஏன் அடி விழுந்தது என்பதைக் குதிரை பெரும்பாலும் அறிவதில்லை. யார் அடித்தார் என்பதை அறிந்துகொள்கிறது. உங்கள் குதிரைகளில் சேணம் போட நின்றுகொடுக்காத ஒன்றை எடுத்துக்கொண்டு, பத்து நாள் முயன்று பாருங்கள்.

கேள்வி: வாழ்நாள் முழுவதும் கிளிக்கரும் தீவனப் பையுமாக அலைய வேண்டுமா?

பதில்: தேவையில்லை. ஒரு செயல் பத்துக்கு ஒன்பது முறை, வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு ஆட்களிடமும் நடக்கத் தொடங்கினால், அதற்கான கிளிக்கைப் படிப்படியாகக் குறைத்து, பழகிய செயல்கள் இரண்டு மூன்றைக் கோத்து, கடைசிச் செயலுக்கு மட்டும் கிளிக் செய்யலாம். திடீரென்று ஒரேயடியாக நிறுத்தினால் மட்டும் குதிரை எரிச்சலடையும். சேணம் மாட்டத் தலையைத் தாழ்த்துவதற்கு எங்கள் குதிரைகளுக்கு நான் கிளிக் செய்து ஆண்டுகள் ஆகிவிட்டன. பிடரியடியில் ஒரு சொறிதலோடு சரி. லாடம் அடிப்பவர் வரும் நாள்களில் மட்டும் இடுப்புப் பையைத் தேடி எடுத்துக் கட்டிக்கொள்கிறேன்.